மோட்டார் சைக்கிளின் மூக்கடைப்பு

மோட்டார் சைக்கிள் இல்லாத தெரு இன்று நம் ஊரில் இல்லை. அதில் ஏறித்தான் நம்மில் பலர் பள்ளிக்கு வருகிறோம். ஆயினும் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பெண்பிள்ளைகளாகிய நாம் கேட்பதுமில்லை, யாரும் நமக்குச் சொல்வதுமில்லை. "அது அண்ணன்மார் வேலை" என்று விட்டுவிடுகிறோம். இக்குறையைச் சிறிதேனும் போக்க எண்ணி, எங்கள் அறிவியல் மன்றத்தின் சார்பில் நாங்கள் நான்கு பேர் ஒரு சிறு கருவியைப் பற்றிப் படித்தும், நேரில் பார்த்தும், கையால் தொட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். அக்கருவியின் பெயர் கார்புரேட்டர். உள்ளங்கையில் அடங்கும் அளவே உள்ளது. ஆனால் அதில் ஒரு தூசு அடைத்தால் வண்டி முழுவதும் முடங்கிவிடும்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் ஒழுங்காக எரியாது. அதை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடித்து, ஆவியாக்கி, காற்றுடன் கலக்க வேண்டும். கண்டபடி கலந்தாலும் பயனில்லை. நிறையளவில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இதை நாங்கள் கணக்கிட்டுப் பார்த்து வியந்தோம். 1 லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் 750 கிராம். அதற்கு வேண்டிய காற்று 11 கிலோகிராம். அந்தக் காற்றின் கன அளவோ 9,000 லிட்டருக்கும் மேல்! 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள காற்று முழுவதும் சுமார் 12 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குத்தான் போதும். மோட்டார் சைக்கிள் பெட்ரோலைக் குடிக்கிறது என்று அப்பாக்கள் அலுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது குடிப்பதைவிட மூச்சு வாங்குவதே அதிகம்.

காற்றையும் பெட்ரோலையும் இந்த அளவில் கலந்து தருவது எங்ஙனம்? இதற்கு அடிப்படையான உண்மையைச் சோதித்து 1797-இல் நூலாக வெளியிட்டவர் இத்தாலி நாட்டு இயற்பியலறிஞர் ஜியோவன்னி பட்டிஸ்டா வெஞ்சூரி. அவர் ஒரு குருவானவர் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஒரு குழாயின் நடுப்பகுதி குறுகியிருந்தால், அவ்விடத்தில் பாய்பொருளின் வேகம் கூடும்; அதே இடத்தில் அதன் அழுத்தம் குறையும். கார்புரேட்டரின் நடுவிலும் இப்படிப்பட்ட குறுகிய தொண்டை ஒன்று உண்டு. எஞ்சின் காற்றை இழுக்கும்போது அத்தொண்டையில் அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின்மீது வெளிக்காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே பெட்ரோல் தானாக மேலே ஏறித் தொண்டையில் பீறிடுகிறது. உறிஞ்சுகுழல் போட்டு நாம் இளநீர் குடிப்பதும் இவ்விதமே.

அந்தக் கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து தொட்டி நிறைந்ததும் நீரை அடைப்பது போல, இம்மிதவை உயர்ந்து ஓர் ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே ஏற இரண்டு பித்தளைத் துளைகள் உள்ளன. அவற்றை ஜெட் என்பர். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது வேலை செய்வது ஸ்லோ ஜெட். வேகமாக ஓடும்போது வேலை செய்வது மெயின் ஜெட். இடைப்பட்ட வேகத்தில், ஆக்சிலேட்டரைத் திருகத் திருக உயரும் ஒரு நீண்ட ஊசி பெட்ரோலின் அளவைக் கூட்டிக் கொடுக்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வண்டி எந்த வேகத்தில் தகராறு செய்கிறது என்று தெரிந்தால், அடைப்பு எந்தத் துளையில் என்பது பாதி தெரிந்தமாதிரி.

இது பெண்களுக்குப் பொருந்தாத வேலை என்று எண்ணுவோருக்கு ஒரு சரித்திரச் செய்தி. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில், தம் மகன்கள் இருவரை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். மூத்த மகனுக்கு எங்கள் வயதுதான், 15. வழியில் எரிபொருள் செல்லும் பாதை அடைத்துக்கொண்டபோது, தம் தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அவரே அடைப்பை நீக்கினார் என்பர். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். பெட்ரோலைத் தூவிக் கலக்கும் வகைக் கார்புரேட்டர் அப்போது வரவில்லை. அது ஜெர்மனியில் மேபாக் என்பவராலும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவராலும் 1893-இல் உருவாயிற்று. பூக்காரப் பெண் ஒருத்தி பூக்களின்மீது நீர் தூவியதைக் கண்டு ஹங்கேரியர்களுக்கு அந்த எண்ணம் தோன்றியதாக ஒரு கதையும் உண்டு.

இனி நம் ஊருக்கு வருவோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் பால் வியாபாரம் செய்கிறார். விடியற்காலையில் கிராமங்களுக்குச் சென்று பால் சேகரித்து, இரண்டு கேன்களை வண்டியின் இருபுறமும் மாட்டிக்கொண்டு வந்து ஊற்ற வேண்டும். நேரம் தவறினால் பால் கெட்டுவிடும். சென்ற மழைக்காலத்தில் அவருக்குக் கால் எலும்பு முறிந்து, அவருடைய 100 சி.சி. வண்டி ஏறக்குறைய ஒன்றரை மாதம் திண்ணை ஓரத்திலேயே நின்றது. பிறகு எடுத்தபோது ஓட மறுத்தது. உதைத்து உதைத்துக் கிளப்பினாலும் திக்கித் திக்கி ஓடியது. நிறுத்தத்தில் நின்றால் அணைந்துவிடும். ஓரிடத்தில் காட்டியதற்கு, "எஞ்சின் போய்விட்டது, போர் போட்டு பிஸ்டன் மாற்ற வேண்டும்" என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. வளர்த்துவந்த கிடேரிக்கன்றை விற்றுவிடலாம் என்று பேசிக்கொண்டதாகத் தோழி வகுப்பில் வந்து அழுதாள். இன்னும் ஒரு வருடத்தில் ஈன வேண்டிய கிடேரி அது.

எங்கள் நால்வரில் ஒருத்தியின் பெரியப்பா வேங்கிக்காலில், வேலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறார். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அருகில் இருப்பதால் அலுவலர்களின் வண்டிகள் எப்போதும் அங்கே நிற்கும். ஒரு சனிக்கிழமை, சிஸ்டரின் அனுமதியோடும் ஆசிரியை ஒருவரின் துணையோடும் அங்கே சென்றோம். தோழியின் தந்தையார் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

பெரியப்பா உடனே திருப்புளியை எடுக்கவில்லை. முதலில் கிக்கரைக் கையாலேயே அழுத்திப் பார்த்தார். அது நன்கு எதிர்த்து நின்றது. "காற்று கசியல. பிஸ்டன் நல்லாத்தாம்மா இருக்குது" என்றார். வண்டியைக் கிளப்பிச் சைலன்சரைப் பார்க்கச் சொன்னார். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன என்று பொருள். புகையே வரவில்லை. அடுத்துச் சோக்கை இழுத்தார். வண்டி சீராக ஓடியது! தள்ளியதும் இருமி அணைந்தது. சோக் என்பது பெட்ரோலின் பங்கைக் கூட்டிக் கொடுப்பது. அதைப் போட்டால் ஓடுகிறது என்றால் என்ன பொருள்? எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. அதுவும் மெதுவாக ஓடும்போது மட்டும் போதவில்லை. ஆகவே குற்றவாளி ஸ்லோ ஜெட்! இதை எங்களுள் ஒருத்தி பெரியப்பாவுக்கு முன்பே சொல்லிவிட்டாள் என்பதை இங்கே பெருமையுடன் பதிவு செய்கிறோம். பிளக்கைக் கழற்றிப் பார்த்ததில் அதன் முனை வெளுத்திருந்தது. சரியான கலவையில் எரிந்தால் அது செங்கல் நிறத்தில் இருக்குமாம். பெட்ரோல் மிகுந்தால் கரி படியும். ஏர் பில்டரில் சிறிது தூசிதான் இருந்தது. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் இடத்தில் விரிசல் உண்டா என்றும் பார்த்தார். அங்கே கள்ளக்காற்று புகுந்தாலும் இதே நோய்தான் வரும்.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றினார். கிண்ணத்தில் இருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்து எங்களிடம் கொடுத்தார். அடியில் கண்ணாடி மணிகளைப் போல நீர்த்துளிகள் உருண்டன! நீர் பெட்ரோலைவிட அடர்த்தி மிக்கது என்று படித்திருக்கிறோம். புட்டியில் அதைப் பார்த்தோம். கிண்ணத்தின் அடியில் வேப்பம்பிசின் போலப் பழுப்பு நிறப் படிவு. பெட்ரோல் நாட்கணக்கில் நின்றால் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சியது பிசினாக ஒட்டிக்கொள்ளும். இக்காலப் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. இந்தியாவில் இக்கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. பத்தாம் வகுப்பு அறிவியலில் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து தயாரிக்கப் படிக்கிறோமே, அதே எத்தனால்தான். அது ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. மழைக்காலத்தில் நின்ற வண்டிக்கு வேறென்ன வேண்டும்?

ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். ஒன்றும் தெரியவில்லை, முழுவதும் அடைத்திருந்தது. அதன் துளையின் விட்டம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தோழியின் தந்தையார் தம் சட்டைப்பையில் இருந்த ஊக்கை எடுத்து நீட்டினார். பெரியப்பா பதறிவிட்டார். "கம்பி வுடாதீங்க! அடைப்பு போயிடும், ஜெட்டும் போயிடும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். துளையின் விட்டம் 0.40 மில்லிமீட்டர் என்க. எஃகு ஊக்கு பித்தளையைச் சுரண்டி அதை 0.44 மில்லிமீட்டர் ஆக்கிவிட்டது என்க. விட்டம் கூடியது 10 விழுக்காடுதான். ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? 1.1-இன் வர்க்கம் 1.21. பரப்பு 21 விழுக்காடு கூடிவிடும்! ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லாத சுரண்டலுக்குப் பிறகு அந்த வண்டி ஆயுள் முழுவதும் பெட்ரோலை வீணாக்கிக்கொண்டிருக்கும். பெர்த்தா அம்மையாரின் ஊசி சென்றது அகன்ற குழாயில், ஜெட்டில் அன்று.

ஆகவே ஜெட்டுகளைத் துப்புரவுத் திரவத்தில் ஊற வைத்தார். அதற்கு முன்பே ரப்பர் வளையங்களை எல்லாம் தனியே எடுத்துவிட்டார். அத்திரவம் பட்டால் ரப்பர் உப்பிவிடும். கழற்றிய பாகங்களை ஓர் எவர்சில்வர் தட்டில், கழற்றிய வரிசையிலேயே நாங்கள் அடுக்கினோம். மாட்டும்போது தலைகீழ் வரிசை. கலவைத் திருகைக் கழற்றுமுன் அதை மெல்ல உட்புறமாகத் திருகி, அடியில் போய் உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணச் சொன்னார். இந்த வண்டியில் ஒன்றே முக்கால் சுற்று. இது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்தோம். ஊறிய ஜெட்டுகளையும், உடம்பிலுள்ள நுண்வழிகள் ஒவ்வொன்றையும் கம்ப்ரசர் காற்றால் ஊதினார். கண்ணில் துளி தெறிக்கும் என்பதால் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு மீண்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். நட்சத்திரம் போல ஒரு வட்ட ஒளி தெரிந்தது. அப்போது தோழி கைதட்டினாள்.

மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. மிதவை ஊசியின் முனையில் மட்டும் தேய்ந்த வளையம் தெரிந்தது. கடையில் கிடைக்கும் கார்புரேட்டர் கிட்டில் புது ஊசி, கேஸ்கட், ரப்பர் வளையங்கள் எல்லாம் இருக்கும். அவற்றைப் போட்டார். ஜெட்டைப் பூட்டும்போது பொருத்தமான அகலமுள்ள திருப்புளியையே பயன்படுத்த வேண்டும். பித்தளை மென்மையானது, பலத்தைக் காட்டினால் தலை நசுங்கும்.

கார்புரேட்டர் சுத்தமானால் போதுமா? போதாது. டாங்க்கின் அடியில் செந்துரு இருந்தது. அதைக் கழுவாமல் விட்டால் அடுத்த வாரமே மறுபடி அடைக்கும். டாங்க்கைக் கழற்றிக் கழுவி உலர்த்துவதற்குத்தான் அன்று அதிக நேரம் ஆயிற்று. கடைசியில் வண்டியைக் கிளப்பி, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, பிறகே கலவைத் திருகை அங்குலம் அங்குலமாக அல்ல, நூல் நூலாகத் திருப்பிச் சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்தினார். எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 முறை சுழல வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின் ஆகையால் இரண்டு சுழற்சிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு 700 மூச்சு! தோழியின் தந்தையார் கொடுத்த மொத்தத் தொகை 480 ரூபாய். கிடேரி இன்னும் அவர்கள் கொட்டகையில்தான் இருக்கிறது.

புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இக்கருவியைத் தேட வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதிகள் வந்தபின், பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கணிப்பொறி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. 1955 முதல் நம் சென்னைத் திருவொற்றியூரோடு பெயர் இணைந்த புல்லட்டும் அவ்வாறே மாறிவிட்டது. ஆனால் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் திருவண்ணாமலைக்கு வரும் வண்டிகளில் பழையவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் எல்லாம் கார்புரேட்டர்தான். பெரியப்பாவின் பட்டறையில் அன்று வரிசையில் காத்திருந்த ஏழு வண்டிகளில் ஐந்து அப்படிப்பட்டவை.

வீட்டில் பழைய வண்டி இருப்பவர்களுக்குப் பெரியப்பா சொல்லி அனுப்பியது இது: இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடுங்கள், கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு புட்டியில் வடித்துவிடுங்கள். இதைத் திறந்தவெளியில், வெயில் சாய்ந்தபின் செய்ய வேண்டும். அருகில் அடுப்போ, விளக்கோ, பீடி பிடிப்பவரோ இருக்கக் கூடாது. வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் பனியன் வேஸ்ட்டை நனைத்து வண்டிச் சங்கிலியைத் துடைக்கலாம்.