மாத்திரையும் ஃபெம்டோநொடியும்

எழுத்தொலிகளுக்குக் கால அளவு கூற வந்த தொல்காப்பியர், இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் காட்டினார் என்பதை இலக்கணம் பயிலும் மாணவர் நன்கறிவர். (மாத்திரை என்றவுடன் மருந்துக் கடை நினைவுக்கு வந்து சிரிப்பவரும் வகுப்பில் உண்டு!) காலத்தை அளக்க முற்பட்ட மாந்தன் முதலில் தன் உடம்பையே அளவுகோலாகக் கொண்டான். விரலை நொடிக்கும் செயலின் பெயரே இன்று கடிகாரத்தின் நொடிமுள் ஒருமுறை நகரும் பொழுதுக்கும் பெயராகி நிற்கின்றது.

இந்த நொடியைக் கோடிக் கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றை மீண்டும் பத்துக் கோடிக் கூறாக்கினால் கிடைப்பது ஃபெம்டோநொடி. டேனிஷ் மொழியில் பதினைந்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த பெயர் அது. ஒன்றுக்குப் பின் பதினைந்து சுழி இட்டு வரும் எண்ணால் நொடியை வகுக்க வேண்டும் என்பது பொருள். அத்துணைச் சிறிய காலத்தில் நிகழ்வன எவை? மூலக்கூறுகளில் அணுக்களின் பிணைப்பு அறுவதும் புதிய பிணைப்பு உருவாவதும் அக்கால அளவிலேயே நிகழ்கின்றன. வேதிவினையின் தொடக்கத்தையும் முடிவையும் அறிந்திருந்த அறிஞர், இடைநிலையைக் கண்ணுற இயலாதிருந்தனர். அதனைக் காணச் செய்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஓர் ஆசிரியரும் அவர்தம் மாணவரும் சேர்ந்து செய்த லேசர் ஆய்வு.

அவ்வாசிரியர் அஹ்மது ஸெவைல். 1946-இல் எகிப்தின் தமன்ஹூரில் பிறந்து, தசூக் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். மகன் பேராசிரியனாக வேண்டும் என்று கனவு கண்ட குடும்பத்தார், அவர் படிக்கும் அறைக் கதவில் 'டாக்டர் அஹ்மது' என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டனர். தாயார் காபி காய்ச்சும் எண்ணெய் அடுப்பையும் சில கண்ணாடிக் குழாய்களையும் கொண்டு, விறகு எவ்வாறு வாயுவாகவும் நீர்மமாகவும் மாறுகின்றது என்று அச்சிறுவர் சோதித்துப் பார்த்தார். வீடு எரியாமல் தப்பியது! அலெக்சாந்திரியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1969-இல் அமெரிக்கா சென்று, 1974-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1976-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே எகிப்தின் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதே காட்சி என்று 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் நிறுவினார். அவர் பிறந்தது பஸராவில் எனினும், ஒளிநூல் எகிப்திய மண்ணுக்குப் புதிதன்று என்பது ஈண்டு கருதத்தக்கது.

ஸெவைலின் ஆய்வுக்கூடத்தில் எடுத்துக்கொண்ட பொருள் அயோடின் சயனைடு. அயோடின், கார்பன், நைட்ரஜன் என மூன்றே அணுக்கள் ஒரு வரிசையில் நிற்கும் எளிய மூலக்கூறு அது. முதல் லேசர்த் துடிப்பு அதன் மீது பட்டதும் அயோடின் பிரியத் தொடங்கும். சற்றே பிந்தி வரும் இரண்டாம் துடிப்பு, பிரிவு எந்த நிலையில் உள்ளது என்பதை ஆராயும். 1985-இலேயே இம்முயற்சி தொடங்கியது. ஆயினும் அப்போதைய துடிப்புகள் நீண்டிருந்தமையால் இடைநிலை தெளிவுறவில்லை. பின்னர், சாயக் கரைசலைக் கொண்டு மிகக் குறுகிய துடிப்புகளை எழுப்பும் லேசரை அமைத்து, 1987-இல் அதனைக் கண்டனர். பிணைப்பு அறுவதற்கு ஆன காலம் ஏறத்தாழ 200 ஃபெம்டோநொடி.

இத்துணைச் சிறிய இடைவெளியை எந்தக் கடிகாரம் காட்டும்? எந்தக் கடிகாரமும் காட்டாது. இங்குதான் தமிழ் மாணவர் உன்னிப்பாக நோக்க வேண்டிய நுட்பம் உள்ளது. தொலைவைக் காலத்தால் சொல்வது நம் முன்னோர் வழக்கு. ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரத்தை 'நாழிகைவழி' என்றனர். இவ்வாய்வுக்கூடத்தினர் அதனைத் திருப்பிப் போட்டுக் காலத்தைத் தொலைவால் அளந்தனர். இரண்டாம் துடிப்பு செல்லும் வழியில் கண்ணாடிகளைச் சற்றே பின்னுக்கு நகர்த்தினால், அது கூடுதல் தொலைவு சென்று பிந்தி வந்து சேரும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தொலைவைக் கடக்க ஒளிக்கு 3.3 ஃபெம்டோநொடி ஆகின்றது. ஆக, ஒரு மூலக்கூறு உடையும் நிகழ்ச்சி முழுவதும் ஒளியின் வழியில் 0.06 மில்லிமீட்டருக்குள், அஃதாவது ஒரு தலைமயிரின் பருமனுக்குள் அடங்கிவிடுகின்றது. கண்ணாடியை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் பலமுறை அளந்து குறித்துக்கொள்ளும் பொறுமையே அங்கு மூலதனம்.

அடுத்த ஆண்டில் வெளிவந்த சோடியம் அயோடைடு ஆய்வு இன்னும் சுவையானது. அதில் அணுக்கள் இரண்டும் உடனே பிரிந்துவிடுவதில்லை. விலகிச் செல்கின்றன, மீண்டும் நெருங்குகின்றன, பின்னரும் விலகுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் சில இணைகளே முற்றப் பிரிகின்றன. அகத்துறை பயின்றார்க்கு ஊடல் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.

1999-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு ஸெவைல் ஒருவருக்கே வழங்கப்பெற்றது. எனினும் 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் மூவர் பெயர்கள் உள்ளன. முதலில் நிற்பது ஆய்வு மாணவர் மார்க்கோஸ் டாண்டஸின் பெயர். அடுத்தது மார்க் ராஸ்கர். ஆசிரியர் பெயர் இறுதியில் வருகின்றது. இவ்வரிசையைப் பரிசினும் பெரிதாக நாம் மதிக்கின்றோம். ஆய்வேடு தட்டச்சுக்குச் செல்லும் வேளையில்தான் நெறியாளரும் மாணவரும் முதன்முறையாக மனம்விட்டுப் பேசுகின்றனர் என்னும் நிலை நம்மிடையே சில இடங்களில் இருப்பதை மறைப்பதற்கில்லை. நமக்கும் இவ்வுறவு அயலானதன்று. ஒருவர் ஏட்டைப் படிக்க மற்றவர் எழுதி ஒப்புநோக்கிச் சுவடிகளைப் பதிப்பித்த காலம் நம் துறைக்கும் இருந்தது. அங்கே ஏடு, இங்கே ஒளி. கருவிக்கு முன் இருவரும் சேர்ந்து அமர்வதில் வேறுபாடில்லை.

ஸெவைல் 2016-இல் காலமானார். டாண்டஸ் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ஃபெம்டோநொடித் துடிப்புகளைப் பற்றிய ஆய்வைத் தம் மாணவரோடு தொடர்ந்தார். ஃபெம்டோநொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அட்டோநொடி. அவ்வளவு குறுகிய ஒளித்துடிப்புகளுக்காக 2023-இல் இயற்பியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான ஆன் லூயிலியே, சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை. பரிசுச் செய்தி வந்தபோது அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பின் இடைவேளையில்தான் தொலைபேசியை எடுத்தார். செய்தியைக் கேட்டபின் மீண்டும் வகுப்பறைக்குள் சென்று, எஞ்சிய பாடத்தை நடத்தினார்.