மலிவு லெகிங்ஸைச் சோதிக்கத் தொடங்கியிருக்கும் அம்மிணிக்கு

அம்மிணி,

பெரிய பிராண்டுகளுக்குப் பதிலாக 500, 700 ரூபாயில் கிடைக்கும் உடற்பயிற்சி லெகிங்ஸை வாங்கிப் போட்டுப் பார்த்து, எது தேறும், எது தேறாது என்று உன் வயதுப் பெண்களுக்குச் சொல்லப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் தொடங்கி, துணிப் பரிசோதனை லேபில் வேலையை முடித்தவள் நான். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், திட்டுத் திட்டான சாயம் என்று தவறுகளைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவள். அதிலிருந்து உனக்கு உதவும் என்று தோன்றியதை எழுதுகிறேன். சோதிக்கும் முறைகளைச் சீக்கிரமே கற்றுக்கொள்வாய். சோதிக்கிறவளுக்கு வேண்டிய குணம் வரத்தான் நாளாகும்.

1. உன் காசைப் போட்டுக் கடையில் வாங்கு. கம்பெனி அனுப்பி வைக்கும் பீஸ் வேண்டாம். ஏற்றுமதிச் சரக்கைப் பார்க்க வருகிற நல்ல இன்ஸ்பெக்டர், மேசை மேல் எடுத்து வைத்த பீஸைத் தொட மாட்டார். அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே போய், அடியில் ஒன்று, மூலையில் ஒன்று என்று தானே கைகாட்டிப் பிரிக்கச் சொல்வார். கைதேர்ந்த டெய்லரிடம் கொடுத்துத் தனியாகத் தைத்து வைத்த பீஸ் எந்தக் கம்பெனியிலும் இருக்கும். அது பொய்யில்லை, ஆனால் பெட்டிக்குள் இருப்பது அது இல்லை. இன்னொன்றும் உண்டு. சும்மா வந்த பொருளைக் குறை சொல்லக் கை தயங்கும், நல்ல மனசுக்காரிக்கு இன்னும் அதிகமாகத் தயங்கும். உனக்கு நல்ல மனசு.

2. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றோடு சரி, துணிக்கு ஆகாது. சாயம் லாட்டுக்கு லாட்டு மாறும். கறுப்பில் அருமையாக இருக்கிற அதே மாடல், வெளிர் ரோஜாவில் உள்ளே போட்டிருப்பதைக் காட்டிக் கொடுக்கும். முடிந்தால் சில வாரம் விட்டு, நிறம் மாற்றி இரண்டாவது பீஸ் வாங்கு. முடியாவிட்டால், ‘நான் பார்த்தது கறுப்பு, மீடியம், ஒரே பீஸ்’ என்று சொல்லிவிடு. அந்த ஒரு வரியைச் சொல்ல வெட்கப்படாதே.

3. விலை கண்ணில் படாமல் துணியைத் தொட்டுப் பார். லோகோவையும் சீட்டையும் உள்ளே மடித்துத் தரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார். லுலுலெமன் உனக்குத் தெரிந்த பெயர்தான். 1998-இல் கனடாவின் வான்கூவரில் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய லெகிங்ஸ் 100 டாலரை ஒட்டி விற்கிறது. 2013 மார்ச்சில் அந்தக் கம்பெனியே தன் கறுப்பு யோகா பேன்ட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. துணி ஊடுருவித் தெரிந்தது. கடைகளில் இருந்த பெண்களுக்கான கீழாடைகளில் ஏறக்குறைய 17 சதவீதம் அப்படிப் போனது. அவ்வளவு விலை, அவ்வளவு பேர் பார்த்துக் கொடுத்த சரக்கு! விலையைப் பார்த்து மரியாதை கொடுக்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. சோதனைக்கு உட்காரும்போது அதை வெளியே விட்டுவிட்டு வா. அதே சமயம், மலிவு என்பதற்காகக் குற்றத்தை மன்னிக்கவும் செய்யாதே. 600 ரூபாய் கொடுத்தவளுக்கும் குனிந்தால் மானம் காக்கிற துணி வேண்டும்.

4. எந்த உடம்பையும் குறை சொல்லாதே. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அந்தப் பேன்ட் விவகாரம் நடந்த அதே ஆண்டு நவம்பரில், லுலுலெமனைத் தொடங்கிய சிப் வில்சன் ஒரு டிவி பேட்டியில், சில பெண்களின் உடம்புக்கு இந்தப் பேன்ட் ஒத்துவராது என்கிற மாதிரிப் பேசினார். தொடை உரசுவதைப் பற்றியும் பேசினார். பெண்கள் கொதித்துப் போனார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமே, தலைவர் பதவியிலிருந்து விலகப் போவதாக அறிவிப்பு வந்தது.

அவரை விடு. நாமே நம்மைப் பற்றி அப்படித்தானே பேசிக்கொள்கிறோம்? இடுப்புப் பட்டி சுருண்டு இறங்கினால், ‘எனக்குத் தொப்பை ஜாஸ்தி’ என்று எழுதாதே. பட்டி சுருள்கிறது என்று எழுது. பெரும்பாலும் ஒரு சைஸுக்குப் பேட்டர்ன் போட்டு, ஓர் ஆளுக்கு அதைப் போட்டுச் சரிபார்த்து, மற்ற சைஸ்களுக்கு அங்கங்கே அரை இஞ்ச், ஓர் இஞ்ச் கூட்டிக்கொண்டு போவார்கள். உடம்பு அப்படிச் சீராகவா பெருக்கிறது? அதனால் நீ ஒருத்தி போட்டுப் பார்த்தால் போதாது. பிள்ளை பெற்று ஆறு மாதமான தோழி, முட்டி வலிக்கு நடைப்பயிற்சி போகிற உன் பெரியம்மா, மூன்று எக்ஸ்எல் போடுகிற பக்கத்து வீட்டு அக்கா எல்லாரையும் கூப்பிடு. அவர்கள் உட்கார்ந்து எழும்போது கை எங்கே போகிறது என்று பார். பட்டியை மேலே இழுத்துவிடுகிற கை ஒன்று, கவட்டுத் துணியைச் சரிசெய்கிற கை ஒன்று. வாயால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். கையை நம்பு.

5. லேபிளைப் படி. நம் ஊரில் பாதிப் பெண்கள் சுடிதாருக்குப் போடும் லெகிங்ஸோடுதான் ஜிம்முக்குப் போகிறார்கள். அது பருத்தி 95, ஸ்பாண்டெக்ஸ் 5 என்கிற கணக்கு. போட்டுக்கொண்டு நடமாட நல்ல துணி. ஆனால் பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சும்மா காற்றில் இருக்கும்போதே தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரம் வைத்திருக்கும். நைலானில் அது 4 சதவீதம், பாலியெஸ்டரில் அரைச் சதவீதம்கூட இல்லை. அதனால்தான் பருத்தி லெகிங்ஸ் வியர்வை குடித்துக் கனத்து, முட்டியில் பை விடுகிறது. உடற்பயிற்சிக்கென்று செய்வது நைலானோ பாலியெஸ்டரோ, அதோடு 15 முதல் 25 சதவீதம் ஸ்பாண்டெக்ஸ். நைலான் மெத்தென்று இருக்கும், உராய்வு தாங்கும், விலை கூடுதல். மலிவில் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான் கிடைக்கும். சீக்கிரம் காயும், ஆனால் உடம்பு எண்ணெயைப் பிடித்துக்கொண்டு நாற்றத்தை எளிதில் விடாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவள் ஏமாற மாட்டாள். பாலியெஸ்டரை மட்டம் என்று ஒதுக்காதே. இன்ன வேலைக்கு இன்ன துணி என்று சொல்.

6. வெளிச்சத்தில் பார். பகலில், ஜன்னல் பக்கம். உள்ளே கையை விட்டு முஷ்டியை மடக்கி, விரல் முட்டிகளின் மேல் துணி இறுகும்படி இழு. இழுத்த இடத்தில் கறுப்பு சாம்பலாக வெளுத்தால், உட்கார்ந்து எழும்போது பின்பக்கமும் அப்படித்தான் வெளுக்கும். பூப்போட்ட துணியில் இன்னும் நன்றாகத் தெரியும்: பிரிண்ட் மேலாக மட்டும் உட்கார்ந்திருந்தால், பூவுக்கு நடுவே வெள்ளை இழை எட்டிப் பார்க்கும். பிறகு திருப்பிப் போட்டுத் தையலைப் பார். உள்தொடையில் தையல் தட்டையாகப் படிந்திருந்தால் அது பிளாட்லாக். மேடாகத் துருத்தினால் வெறும் ஓவர்லாக், நீண்ட நடையில் உரசிச் சிவக்கும். கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களா பார். நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து முட்டினால், இழுபடும் பாரமெல்லாம் அந்த ஒரு புள்ளியில்தான் விழும்.

7. பொறுமையாக இரு. புதுத்துணி எல்லாமே நல்ல துணிதான். கையில் எடுத்ததும் வழுக்கிக்கொண்டு போகிற மென்மையைப் பார்த்து மயங்காதே. அந்த மென்மையை, துணியை பிரஷ் பண்ணி இழை நுனிகளைக் கிளப்பிவிட்டும் வரவழைப்பார்கள். கிளம்பிய நுனிகள்தான் தொடை உரசுகிற இடத்தில் திரண்டு சின்னச் சின்ன உருண்டையாகக் கட்டும். விலை உயர்ந்த மென்மையான துணிக்கும் இந்த நோய் உண்டு. அதனால் இருபது தடவையாவது துவைத்த பிறகு வாயைத் திற. வாங்கிய அன்றே தொடைப் பகுதியில் 10 சென்டிமீட்டர் அளந்து இரண்டு பக்கமும் நூலால் ஒரு தையல் அடையாளம் போட்டுவை. சில மாதம் கழித்து அளந்தால் துணி தளர்ந்ததா, சுருங்கியதா என்று தெரிந்துவிடும். துவைப்பதிலும் நேர்மை வேண்டும். சுடுநீர், கொளுத்தும் வெயில், குளோரின், மூன்றும் ஸ்பாண்டெக்ஸுக்கு ஆகாது. துணியை மென்மையாக்கக் கம்ஃபர்ட் ஊற்றினால் வியர்வையை வெளியே கடத்துகிற குணம் மங்கும். நம் கை செய்த பாவத்தைத் துணி மேல் போடக் கூடாது.

8. நினைவை நம்பாதே. லேபில் சாயத்துக்கு மார்க் போடும்போது, துவைத்த துணியையும் துவைக்காத துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டுத்தான் 5 முதல் 1 வரை போடுவோம். எவ்வளவு பழகிய கண்ணும் மனசில் இருக்கும் நிறத்தை வைத்து மார்க் போடாது. நீயும் விலை உயர்ந்த ஒன்றை எங்கேயாவது இரவல் வாங்கி, ஒரே நாளில், ஒரே பயிற்சிக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்.

9. ‘அதே கம்பெனியில் தைத்ததுதான், லோகோ மட்டும் இல்லை’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. திருப்பூர்க் காதர்பேட்டைச் சந்தில் நின்றால் இந்த வசனம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேருக்கும் தைக்கலாம். நூல் வேறு, துணி ஆலை வேறு, எந்த அளவு பிசகு வரை ஏற்கலாம் என்ற கணக்கும் வேறு. மிஞ்சிய சரக்கு என்று வருவதில் நல்லதும் இருக்கும், தள்ளுபடியான பீஸும் இருக்கும். அடுத்தவன் லோகோவை ஒட்டி விற்பதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் எழுதாதே, துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. தன் பெயரிலேயே 600 ரூபாய்க்கு நாணயமாகச் செய்கிறவன் இருக்கிறான். அவனைத் தேடிப் பிடி.

10. விலை எங்கே குறைந்தது என்று கேட்டுக்கொள். விளம்பரம் இல்லாமல், மாலில் கடை போடாமல் விலை குறைந்தால் நல்லது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் குறைந்தால்? எங்கள் நொய்யல் ஆற்றை நான் பார்த்திருக்கிறேன் அம்மிணி. ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்கென்று தேக்கியது சாயக் கழிவாக நின்றது. கீழே இருந்த விவசாயிகளின் நிலம் பாழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரிப்பு செய்தால்தான் நடத்தலாம் என்ற நிலைமை வந்தது. அந்தச் சுத்திகரிப்புச் செலவு துணியின் விலையில் ஏறத்தான் செய்யும், ஏறுவதுதான் நியாயம். இதற்காக, கையில் 500 ரூபாய் மட்டும் வைத்திருப்பவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. கேள்வியைக் கம்பெனியிடம் கேள். விலை உயர்ந்த பிராண்டிடமும் இதே கேள்வியைக் கேள். பில்லில் ஏறும் பணமெல்லாம் தைக்கிறவள் கைக்குப் போகிறது என்று நினைத்துவிடாதே.

11. முடிவு சொல்லும்போது யாருக்கு என்று சொல். ‘நல்லது’, ‘மோசம்’ என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாதே. காலையில் நடப்பவளுக்கு, வீட்டில் யோகா செய்பவளுக்கு 600 ரூபாய் லெகிங்ஸ் தாராளமாகப் போதும் என்றால் அதை அழுத்திச் சொல். தினமும் எடை தூக்குபவளுக்கும், நீண்ட தூரம் ஓடுபவளுக்கும் விலை உயர்ந்ததுதான் நீடித்து உழைக்கிறது என்று உன் சோதனையில் தெரிந்தால் அதையும் மறைக்காதே. மலிவைத் தூக்கிப் பிடிக்கக் கிளம்பியவள் என்பதற்காக உண்மையை வளைக்க வேண்டாம். உன் பேச்சைக் கேட்டு வாங்குகிறவள் பலசமயம் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தில், தனக்கென்று வாங்குவாள். ஒரேயடியாக மூன்று வாங்காதே என்று அவளிடம் சொல். முதலில் கறுப்பில் ஒன்று வாங்கி, சீட்டைக் கிழிக்காமல் வீட்டில் உட்கார்ந்து எழுந்து குனிந்து பார்க்கட்டும்; பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கிற கடையாகப் பார்த்து வாங்கட்டும்.