பாடம்: வீடு வாங்குமுன் நல்ல நொத்தாரிசைத் தெரிவு செய்தல்

இடம்பெயர்ந்த காலத்தில் பல குடும்பங்களின் உறுதிகள் தொலைந்து போயின. காணிச் சொந்தக்காரர் சிலர் இறந்துவிட்டனர். சிலர் வெளிநாட்டில் உள்ளனர். ஆகவே, வீடு விற்க வருபவர் உண்மையான உரித்தாளரா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். இதில் உங்களுக்குத் துணை நிற்க வேண்டியவர் நொத்தாரிசு.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையாக இருக்கக் கைச்சாத்திடப்பட வேண்டும். வெறும் கடதாசியில் எழுதி வாங்கினால் காணி உங்களுக்குச் சொந்தமாகாது.

கவனிக்க வேண்டியவை:

1. நொத்தாரிசை நீங்களே தெரிவு செய்யுங்கள். தரகரோ விற்பவரோ அழைத்துச் செல்லும் இடத்துடன் நின்றுவிடாதீர்கள்.

2. முற்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் செல்லுங்கள். பணம் கைமாறிய பின் குறை தெரிந்தால் அதை மீட்பது கடினம்.

3. காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யச் சொல்லுங்கள். ஈடு, வழக்கு, வேறு பங்காளர்கள் இருந்தால் பதிவேட்டில் தெரியவரலாம். உறுதி எழுதுமுன் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமை. "தேடுதல் தேவையில்லை" என்று எழுதிக் கையொப்பம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

4. விற்பவர் அற்றோணித் தத்துவத்துடன் வந்தால், அதன் மூலப் பத்திரத்தையும் அது இன்னும் செல்லுபடியாக உள்ளதா என்பதையும் நொத்தாரிசு பார்க்க வேண்டும்.

5. உறுதியை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்குபவரைத் தெரிவு செய்யுங்கள். விளங்காததில் கையொப்பமிட வேண்டாம்.

6. கட்டணம், முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டறிந்து பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

7. உறுதி பதியப்படும் வரை விடாமல் விசாரியுங்கள். பதியாத உறுதியை, பின்னர் எழுதி முதலில் பதியப்பட்ட உறுதி மேவிவிடலாம்.

அனுமதிப்பத்திரக் காணி: காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியைச் சாதாரண உறுதிக் காணி போல விற்க முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். "எப்படியும் எழுதித் தரலாம்" என்று சொல்லும் நொத்தாரிசைத் தவிர்த்துவிடுங்கள்.

வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம்.

குடும்பமாகக் கலந்துரையாடுங்கள்:
- நாம் வாங்க விரும்பும் காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா?
- தேடுதலின் முடிவை நாம் கண்ணால் பார்த்தோமா?
- உறுதி யாருடைய பெயரில் எழுதப்படும்?