வரிக்கு ஒரு பதிவு: ஒரு நூலகப் பதிவேடு கற்றுத்தந்த பாடம்

பதினொன்றாம் வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் நடத்தும்போது, அணி என்றாலே மாணவர்களுக்கு எண்களின் வரிசைதான் நினைவுக்கு வருகிறது. அதன் பயன் புரியட்டும் என்று, பள்ளி நூலகத்துக்கு ஒரு பதிவேடு செய்யச் சொன்னேன். ஆய்வகக் கணினியில் நோட்.ஜேஎஸ் இருந்தது. யாராவது நூல் எடுத்தாலும் திருப்பித் தந்தாலும் கோப்பின் இறுதியில் ஒரு வரி சேரும்.

{"எண்":14,"நூல்":"பொன்னியின் செல்வன்","நிலை":"எடுத்தார்"}
{"எண்":14,"நூல்":"பொன்னியின் செல்வன்","நிலை":"தந்தார்"}

இங்கே ஒவ்வொரு வரியும் தனித்தனியே முழுமையான ஜேசன். ஆனால் கோப்பு முழுவதையும் ஒரே ஜேசனாகக் கொள்ள முடியாது. முதலிலும் இறுதியிலும் சதுர அடைப்புக்குறி இல்லை. வரிகளுக்கிடையே காற்புள்ளியும் இல்லை. அதனால் முழுக் கோப்பையும் ஜேசன்.பார்ஸ் செயற்கூறிடம் கொடுத்த மாணவர்களுக்குப் பிழைச் செய்திதான் கிடைத்தது.

‘அப்படியென்றால் அணியாகவே சேமிக்கலாமே, ஐயா?’ என்றான் ஒருவன். நல்ல கேள்வி. அணியாகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் இறுதி அடைப்புக்குறியை நீக்கி, புதிய பதிவைச் சேர்த்து, மீண்டும் மூட வேண்டும். வரிமுறையில் கடைசியில் எழுதினால் போதும். பழைய பதிவுகளைத் தொட வேண்டியதில்லை.

அந்த வரிகளை அணியாக மாற்ற மூன்று படிகள்:

1. கோப்பை ஒரே சரமாகப் படித்து, ஸ்பிளிட் மூலம் வரிமுடிவுக் குறியில் பிரித்தல். சரங்களின் அணி கிடைக்கும்.
2. ஃபில்டர் மூலம் வெற்று வரிகளை நீக்குதல். கடைசிப் பதிவுக்குப் பின்னும் வரிமுடிவுக் குறி இருப்பதால் இறுதியில் ஒரு வெற்றுச் சரம் வரும். அதை பார்ஸ் செய்தால் பிழை.
3. மேப் மூலம் ஒவ்வொரு சரத்தையும் பார்ஸ் செய்தல். பொருள்களின் அணி தயார்.

நூலின் பெயருக்குள்ளேயே வரிமுறிவு இருந்தால் என்ன ஆகும் என்ற ஐயம் எழும். ஜேசன் சரத்துக்குள் வரிமுறிவு நேரடியாக வரக்கூடாது. பின்சாய்கோடும் ‘என்’ எழுத்துமாகத்தான் வரும். ஸ்டிரிங்கிஃபை செயற்கூறு அதைத் தானே செய்துவிடும். ஆகவே வரியில் பிரிப்பது பாதுகாப்பானதே.

சில வாரங்கள் எல்லாம் சரியாக நடந்தது. ஒருநாள் பதிவு எழுதும்போதே மின்சாரம் போனது. பாதி வரி மட்டும் கோப்பில் நின்றது. வரிமுடிவுக் குறியும் இல்லை. பிறகு வந்த பதிவு அந்தப் பாதி வரியோடு ஒட்டிக்கொண்டது. நிரல் நின்றுவிட்டது. ஒரு மாணவன் டிரை, கேட்ச் அமைத்து, பிழையான வரியைத் தாண்டிப் போகச் செய்தான். நிரல் ஓடியது. நானும் பாராட்டினேன்.

மறுவாரம், நூல் தராதோர் பட்டியலில் ஒரு மாணவியின் பெயர் வந்தது. ‘தந்துவிட்டேன்’ என்றாள். ‘கணினி இல்லை என்கிறதே’ என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. கோப்பைத் திறந்து பார்த்தோம். ஒட்டிக்கொண்ட அந்த வரியில்தான் அவளுடைய ‘தந்தார்’ பதிவு இருந்தது. வகுப்பின் முன்பே அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

அன்று நிரலைத் திருத்தினோம். சரியான பதிவுகள் ஓர் அணிக்கும், பிழையான வரிகள் வரி எண்ணோடு இன்னோர் அணிக்கும் சென்றன. வெற்று வரிகளை முதலிலேயே நீக்கினால் வரி எண் மாறிவிடும் என்பதால், மடக்குக்குள்ளேயே அவற்றைத் தாண்டினோம். பட்டியலின் கீழே, ‘படிக்க முடியாத வரிகள்: 1’ என்று தெரியும். அது 0 ஆகும்வரை யாரிடமும் நூல் கேட்பதில்லை என்று வகுப்பே முடிவுசெய்தது.

கணினி இல்லாத வகுப்பிலும் இதைச் செய்யலாம். மாணவர்களிடம் துண்டுச்சீட்டுகளில் ஒரு வரித் தகவல் எழுதி வாங்குங்கள். ஒரு சீட்டைக் கிழித்து, ஒன்றை வெறுமையாக விட்டு, அடுக்கித் தரச் சொல்லுங்கள். வெற்றுச் சீட்டை விட்டுவிடலாம். கிழிந்த சீட்டை என்ன செய்வது என்று கேளுங்கள். ‘யாருடையது என்று கேட்போம்’ என்று ஒரு குழந்தையாவது சொல்லும். நிரல் எழுதும்போதும் அந்த விடைதான் நமக்கு வேண்டும்.