மீண்டெழும் சிறகுகள்

நுழையும்முன்

பழம்பொருளைக் காப்பது என்பது அதன் வரலாற்றைக் காப்பதாகும். மரத்தால் அமைந்த அரண்மனைக்கும் வானில் பறந்த போர் வானூர்திக்கும் பொதுவான இவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

அரண்மனை எழுப்பும் வினா

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகில் அமைந்துள்ளது பத்மநாபபுரம் அரண்மனை. 1795ஆம் ஆண்டுவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய ஊர் இது. 1956இல் இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னரும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது.

மரக்கட்டடத்திற்கு மழையும் கரையானும் ஓயாத பகை. உத்திரம் ஒன்று உளுத்துப்போனால் அதனை முழுவதும் அகற்றுவதா, உளுத்த பகுதியை மட்டும் நீக்கி அதே வகை மரத்தைப் பொருத்துவதா? மூலப்பொருளில் இயன்றவரை மிகுதியைக் காக்க வேண்டும் என்பது பாதுகாப்பு நெறி. பழைய வானூர்தியைப் புதுப்பிக்க முனைவோர்முன்னும் இதே வினா நிற்கிறது.

மூன்று வழிகள்

பழைய வானூர்தியை உள்ள நிலையிலேயே அருங்காட்சியகத்தில் வைப்பது முதல் வழி. பழுது நீக்கி மீண்டும் பறக்கச் செய்வது இரண்டாவது வழி. அளவு மாறாமல் புதிதாக மாதிரிப்படி ஒன்றை உருவாக்குவது மூன்றாவது வழி.

மாதிரிப்படி என்றதும் போலி என்று இகழ்ந்துவிடலாகாது. பிரிட்டன் வான்படைத் தளங்களின் வாயில்களில் உண்மையான ஸ்பிட்ஃபயர் போர் வானூர்திகள் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் நின்றன. 1980களின் இறுதியில் அவற்றுள் பலவற்றின் இடத்தில் கண்ணாடி இழையால் ஆன படிகள் நிறுத்தப்பட்டன. படிகள் வெளியே நின்றமையால் மூலங்கள் கூரைக்குள் சென்று பிழைத்தன.

திட்டமிடலே அடித்தளம்

எவ்வழியைத் தேர்ந்தாலும் சுத்தியலுக்கு முன்னர் எழுதுகோலையே கையிலெடுக்க வேண்டும். வரைபடங்களையும் பறப்புக் குறிப்பேடுகளையும் முதலில் திரட்டுதல் வேண்டும். பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் படமெடுத்து, எண்ணிட்டுக் கழற்றுதல் வேண்டும். அரிகேன் போர் வானூர்தியின் பின்னுடற்பகுதி உலோகக் குழாய்ச் சட்டகத்தின்மேல் மரச்சட்டங்கள் பொருத்தி, துணி போர்த்தி அமைக்கப்பட்டது. எனவே உலோகத்தில் துருவையும், மரத்தில் உளுத்தலையும், துணியில் நைவையும் தனித்தனியே ஆராய வேண்டியுள்ளது. தச்சர், தையற்கலைஞர், பொறியாளர் என்னும் மூவரின் கைகளும் இப்பணியில் இணைகின்றன.

கான்பூரில் உயிர்த்தவை

இத்தகைய பணியில் இந்தியாவுக்கு அரிய முன்னோடி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், அமெரிக்காவில் உருவான லிபரேட்டர் குண்டுவீச்சு வானூர்திகள் பலவற்றைப் பிரிட்டன் வான்படை மீண்டும் பறக்க இயலாதவாறு சிதைத்துக் கான்பூரில் விட்டுச் சென்றது. அவற்றை இந்துஸ்தான் விமான நிறுவனத்தார் ஓரளவு சீர்செய்தனர். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்குப் பறந்து கொண்டு சேர்த்தார். அங்கு முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட வானூர்திகளைக் கொண்டு 1948 நவம்பர் 2இல் இந்திய வான்படையின் 5ஆம் அணி தொடங்கியது. 1968வரை அவை பணியாற்றின.

உலகில் 18,000க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் உருவாக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளின் அருங்காட்சியகங்களில் நிற்கும் அவற்றுள் பல, இந்தியத் தொழிலாளர்களின் கைத்திறத்தால் பிழைத்தவை.

பெயரும் உண்மையும்

2018 மே மாதம் டக்கோட்டா வானூர்தி ஒன்று 'பரசுராமா' என்னும் பெயருடன் இந்திய வான்படையில் சேர்ந்தது. பழம்பொருளாகக் கிடந்த அதனை வாங்கிப் பிரிட்டனில் புதுப்பித்து வான்படைக்கு வழங்கினார் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் ராஜீவ் சந்திரசேகர். அவர்தம் தந்தை டக்கோட்டா விமானியாக இருந்தவர். 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டக்கோட்டாக்களின் நினைவாக, வி.பி.905 என்னும் எண் அதன்மேல் பொறிக்கப்பட்டது. அவ்வெண் நினைவுச் சின்னமே; வானூர்தியின் பிறப்பு வரலாறு வேறு. இவ்வேறுபாட்டை மறைக்காமல் பதிவுசெய்வதே நேர்மையான புதுப்பித்தல்.

பறத்தலின் விலை

பழைய வானூர்தி பறக்கும் காட்சி, புத்தகம் தராத உணர்வைத் தருகிறது. ஆயினும் ஒவ்வொரு பறத்தலும் அதன் உறுப்புகளைத் தேய்க்கிறது. 2019 அக்டோபர் 2இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பி-17 வகைப் பழைய குண்டுவீச்சு வானூர்தி விபத்துக்குள்ளாகி எழுவர் உயிரிழந்தனர். எனவே பறக்கவிடும் முடிவில் ஆர்வத்திற்கு இணையான பொறுப்பும் வேண்டும். பறக்கும் தகுதியில் ஐயம் எழுமாயின் தரையில் நிறுத்துவதே அறிவுடைமை.

பத்மநாபபுரத்துத் தூணைச் செதுக்கிய தச்சரும் கான்பூரில் உடைந்த இறக்கையைச் சீர்செய்த தொழிலாளரும் தம் பெயரை அப்பொருள்களில் எழுதி வைக்கவில்லை. அவர்தம் கைத்திறம் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்துள்ளது. எதைக் காத்தோம், எதை மாற்றினோம் என்பதைத் தெளிவாக எழுதி வைத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே நாம் அவர்களுக்குச் செலுத்தும் நன்றி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பழைய கட்டடம், தேர், படகு, பொறி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனைப் புதுப்பிப்பதற்கான திட்டத்தை எழுதுக.
2. 'பழைய வானூர்திகளைப் பறக்கவிடலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.