வீரத்துக்கு விலை கொடுத்தவர் யார்?



வீரம் என்றதும் நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது மருது பாண்டியர், வேலு நாச்சியார், குயிலி. "வீரம் விளைந்த மண் எங்கள் சிவகங்கைச் சீமை" என்று தொடங்காத பேச்சுப் போட்டியே நம்ம பக்கம் கிடையாது. அது உண்மையும்கூட. அவர்கள் வீரர்கள் இல்லை என்று சொல்வதற்கு இந்தக் கட்டுரை வரவில்லை. வேறு ஒன்றைக் கேட்க வந்திருக்கிறது. ஒருவர் வீரம் காட்டும்போது அதற்கு விலை கொடுப்பவர் யார் யார்? "உனக்குச் சம்மதமா?" என்று அவர்களை யாராவது கேட்டார்களா?

1. ஒக்கூர்ப் பாட்டில் வரும் பையன்

புறநானூற்றின் 279-ஆம் பாட்டைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். நம்ம மாவட்டத்து ஒக்கூர்தான் அவர் ஊர் என்பார்கள். பாட்டின் கதை இதுதான். ஒரு பெண்ணின் பிறந்த வீட்டு ஆண் (தந்தை என்றும் தமையன் என்றும் உரை சொல்வார்கள்) முன்னொரு நாள் போரில் யானையை வீழ்த்தி இறந்தான். நேற்று அவள் கணவன் ஆநிரைப் போரில் இறந்தான். இன்றைக்கு மறுபடி போர்ப்பறை கேட்கிறது. அவளுக்கு இருப்பது ஒரே மகன். அவனுக்கு வெள்ளை ஆடை உடுத்தி, தலையில் எண்ணெய் தடவிச் சீவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள்.

இதை நாம் "மறக்குடி மகளின் வீரம்" என்று படித்து, மனப்பாடம் செய்து, மார்க் வாங்கிவிடுகிறோம். ஆனால் புலவர் எப்படித் தொடங்குகிறார் என்று கவனித்தீர்களா? இவள் சிந்தை கெடட்டும், இவள் துணிவு கடுமையானது என்றுதான் தொடங்குகிறார். புகழ்வதற்காக அப்படிப் பழிப்பது போலச் சொல்கிறார் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். அது சரிதான். ஆனாலும் "கடிது" என்ற அந்தச் சொல்லில் ஒரு நடுக்கமும் இருக்கிறது. இன்னொன்று, பாட்டில் அம்மாவின் துணிவு இருக்கிறது, வேல் இருக்கிறது, எண்ணெய்கூட இருக்கிறது. பையன் ஒரு வார்த்தை பேசவில்லை.

2. கல் யாருக்கு?

போரில் இறந்தவனுக்கு நடுகல் நட்டுக் கும்பிடுவது நம் பழைய வழக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகல்லில் தமிழி எழுத்து இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தைய கல். கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்காக நட்டது. ஆகோள் என்றால் மாடுகளைக் கவர்ந்து வருவது. அவன் மாட்டைப் பிடிக்கப் போனவனா, மீட்கப் போனவனா என்று கல் விளக்கவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மாட்டைக் கவர்ந்து வந்தவன் தன் ஊருக்கு வீரன். மாட்டைப் பறிகொடுத்த ஊருக்கு அவன் யார்? திருடன்தானே! கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று இரண்டு பக்கத்துக்கும் இலக்கணத்தில் திணை வைத்தார்கள். ஆனால் நடுவில் மாட்டிக்கொண்ட மாடு மேய்க்கும் பையனுக்கு என்று தனியாக ஒரு திணை இல்லை.

3. 1801: சிறுவயலும் காளையார்கோயிலும்

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கம்பெனிப் படையிடம் விழுந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பி, மருது சகோதரர்களிடம் அடைக்கலம் வந்தார். கம்பெனி அவரைக் கேட்டது. "நம்பி வந்தவனைக் காட்டிக் கொடுக்க மாட்டோம்" என்பதுதான் மருதுவின் நிலை. இதைவிடப் பெரிய வீரம் எது?

1801 ஜூன் 16-ல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் வாசலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் ஒன்று சேர வேண்டும் என்று அழைத்த அறிக்கை அது. அதே அறிக்கை வெள்ளையர் பக்கம் நிற்பவர்களைக் கடுமையாகச் சபிக்கவும் செய்கிறது. பயந்தவனுக்கும், பிள்ளைகுட்டியை நினைத்து ஒதுங்கியவனுக்கும் அந்த நேரத்தில் நிற்க இடமில்லை.

ஜூலை கடைசியில் கர்னல் அக்னியூவின் படை காரைக்குடிப் பக்கத்துச் சிறுவயலை நெருங்கியது. எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று ஊருக்கு அவர்களே தீ வைத்துவிட்டு வெளியேறினார்கள். அங்கிருந்து காளையார்கோயில் வரை அடர்ந்த காடு. கம்பெனிப் படை ஒரு மாதம் போல மரம் வெட்டி வழி போட்டுப் பார்த்து முடியாமல் பின்வாங்கியது. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கோடரியோடு நின்றவர்கள் யார்? கூலி ஆட்கள், நம்மவர்கள். கம்பெனிச் சிப்பாய்களிலும் தமிழர் உண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமானின் உதவியும் கம்பெனிக்குத்தான் போனது. இரண்டு பக்கமும் செத்தது பெரும்பாலும் இந்த மண்ணின் ஆட்களே.

அக்டோபர் 1-ல் காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பலரும் சொல்லும் கதை இத்துடன் முடிந்துவிடும். ஆனால் முடியவில்லை.

4. துரைச்சாமி

சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி. அப்போது வயது சுமார் 15. அதாவது நம்ம பத்தாம் வகுப்பு மாணவர் வயது! 1802 பிப்ரவரியில் அவரையும் எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

இதை எழுதி வைத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. வேல் எறியவும் வளரி வீசவும் தனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சின்ன மருது என்று அவரே எழுதுகிறார். சில வருஷம் கழித்து, அதே மருதுவை வேட்டையாடிய படையில் அவரும் இருந்தார். அவரும் தைரியசாலிதான், கடமை தவறாதவர்தான். குருவை வேட்டையாடவும் அந்தத் தைரியம் உதவியது பாருங்கள்.

1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது துரைச்சாமியைப் பார்த்தார். முப்பது வயதைத் தாண்டியிருந்த ஆள் தளர்ந்த கிழவரைப் போல இருந்தாராம். அடையாளமே தெரியவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்பதுதான். அதைக்கூட வாங்கிக்கொள்ளத் தனக்கு அனுமதி இல்லை என்று வெல்ஷ் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அந்த நூல் வெளியானது 1830-ல்.

ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுக்க முடிவெடுத்தது அப்பா. தூக்குத் தண்டனை கொடுத்தது கம்பெனி. குற்றம் கம்பெனியுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பதினாறு வருஷமாக ஒரு கடிதம்கூடப் போட முடியாமல் விலை கொடுத்துக்கொண்டிருந்தது பிள்ளை.

5. செத்தால்தான் வீரமா?

குயிலி உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தார் என்று வழிவழியாகச் சொல்கிறோம். வேலு நாச்சியார் போன வழியைச் சொல்ல மறுத்து உடையாள் வெட்டுப்பட்டார் என்றும் சொல்கிறோம். கேட்டாலே மெய்சிலிர்க்கிறது. ஆனால் இந்தக் கதைகளை மட்டும் கேட்டு வளர்ந்தால், "உயிரை விட்டால்தான் வீரம்" என்ற எண்ணம் மனசில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஆபத்து.

வேலு நாச்சியாரையே பாருங்கள். 1772-ல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோயிலில் கொல்லப்பட்டார். நாச்சியார் அன்றே வாளோடு பாய்ந்து சாகவில்லை. மகள் வெள்ளச்சியைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குத் தப்பிப் போனார். எட்டு வருஷம் காத்திருந்து, ஹைதர் அலியின் துணையைப் பெற்று, படை திரட்டி, 1780-ல் சீமையை மீட்டார். தப்பிப் போனதும் காத்திருந்ததும் கோழைத்தனமா? அவைதானே வெற்றிக்கு வழி! இதை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை.

6. இன்றைக்கு நமக்கு என்ன?

நமக்குப் போர் இல்லை. ஆனால் "ஆம்பளையா இருந்தா செய்டா பார்ப்போம்" என்ற பேச்சு இருக்கிறது. மழைக்கு நிரம்பிய ஊருணியில் நீச்சல் தெரியாமல் குதிப்பதும், ஒரே பைக்கில் மூணு பேர் பறப்பதும் அந்தப் பேச்சால்தான். சிறாவயல் மஞ்சுவிரட்டு நம்ம பெருமை. ஆனால் மாடு முட்டிக் காயம்படுகிறவர்களில் மாடு பிடிக்கவே போகாமல் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பது அவர்களுடைய அம்மா.

சிந்திக்க

இனி ஒரு வீரக்கதை படித்தாலோ, சினிமா பார்த்தாலோ, இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இந்த வீரத்துக்கு விலை கொடுத்தவர் யார்? வீரனா, மற்றவரா?
2. அவரிடம் சம்மதம் கேட்டார்களா?
3. எதிர்ப் பக்கத்து வீட்டில் இதே கதையை எப்படிச் சொல்வார்கள்?
4. உயிரோடிருந்தே இதைச் சாதிக்க வழி இருந்ததா?

நான்குக்கும் பதில் தேடிய பிறகும் ஒரு வீரர் நம் மனசில் உயர்ந்து நின்றால், அவர் உண்மையிலேயே பெரியவர். மருது பாண்டியர் அப்படி நிற்பார் என்பதே என் எண்ணம். அடுத்த அக்டோபர் 24 அன்று அவர்கள் பெயரைச் சொல்லும்போது, பினாங்கில் கடிதத்தோடு நின்ற துரைச்சாமியின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.



– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு