விடை வராத வினா

இணையத்தில் இணைந்த கணினிகளுக்கு எண்களே முகவரி. மனிதர் நினைவில் நிற்பவையோ பெயர்கள். பெயரைக் கொண்டு எண்ணைக் கண்டறியும் டி.என்.எஸ். அமைப்பினை 1983ஆம் ஆண்டு அமெரிக்கக் கணினி அறிஞர் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்தார். பயனர் ஒரு தளத்தின் பெயரை உள்ளிட்டதும், 'ரிசால்வர்' என்னும் சேவையகம் அவர் சார்பில் முதலில் மூலச் சேவையகத்தையும், அடுத்து '.காம்' போன்ற மேல்நிலைச் சேவையகத்தையும், இறுதியில் அத்தளத்திற்குரிய சேவையகத்தையும் வினவுகிறது. பெற்ற விடையைக் குறித்த காலம்வரை சேமித்து வைத்து, அடுத்து வினவுவோர்க்கு உடனே வழங்குகிறது.

'அப்படியொரு பெயர் இல்லை' என்பதும் ஒரு விடையே, அதனையும் சேமிக்கலாம். இடர்ப்பாடு மௌனத்தில்தான் உள்ளது. சேவையகம் பழுதுற்றோ வழி அறுபட்டோ எவ்விடையும் வாராதபோது, அத்தோல்வியை நெடுநேரம் நினைவில் வைத்தால், பழுது நீங்கிய பின்னும் பயனர்க்குத் தளம் கிட்டாது. நினைவில் வையாவிடில், ஒவ்வொரு வினாவிற்கும் தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

2021 அக்டோபர் 4 அன்று நிகழ்ந்தது இதுவே. பராமரிப்புப் பணியில் நேர்ந்த பிழையால் முகநூல் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள் ஏறத்தாழ ஆறு மணிநேரம் இணையத்திலிருந்து மறைந்தன. செயலிகள் ஓயாது முயன்றன, மனிதரும் விடவில்லை. ரிசால்வர்கள் மீண்டும் மீண்டும் மேல்நிலைச் சேவையகங்களை நாடின. முகநூல் தொடர்பாக, '.காம்', '.நெட்' சேவையகங்களுக்கு நொடிக்கு 7,000 அளவில் வந்த வினாக்கள் 9,00,000 ஆகப் பெருகின. அச்சேவையகங்களிடம் குறை ஏதுமில்லை. அவை வழக்கம்போல் விடையளித்தே வந்தன.

2023 டிசம்பரில் வெளிவந்த நெறிமுறை, தோல்வியைக் குறைந்தது ஒரு நொடியேனும் நினைவில் வைத்தல் கட்டாயம் என்றது. ஐந்து நிமிடத்திற்கு மேற்படலாகாது என்றும் வரம்பிட்டது. தோல்வி தொடர்ந்தால் இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டலாம். ஒரு நொடி அற்பமாகத் தோன்றலாம். ஆயினும், அந்நொடியில் ஒரே பெயருக்கு ஆயிரம் வினாக்கள் வரினும் அவை வெளியே செல்லா. 'பைண்ட்' மென்பொருளில் இயல்பான அளவு ஒரு நொடியே. நிர்வாகி அதனை 30 நொடிவரை உயர்த்தலாம்.

காலாவதியான பழைய விடையைத் தற்காலிகமாக வழங்கும் முறையும் உண்டு. பெயர்ச் சேவையகம் மட்டும் பழுதுற்றுத் தளம் இயங்கும்போது இது பெரிதும் உதவும். முகநூலுக்கு அன்று இது உதவியிராது. பழைய முகவரி சரியானதே. ஆயினும் நிறுவனத்தின் தரவு மையங்களும் அப்போது இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தன.